சக்கரம் ஏன் முட்டை ஆனது?

பழைய மானிட்டர் மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தாலும் படத்தை ஒழுங்காகத்தான் காட்டியது. அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, புதிதாக ஓர் அகலத்திரை மானிட்டரை வாங்கி வந்து மாட்டிய நாளில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. வட்டமெல்லாம் படுத்த முட்டையாகத் தெரிகிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகம் பூரித்துப்போய் இருக்கிறது. எழுத்துகளின் ஓரம் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் கசிகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாலும் அதே கசிவுதான். காசு கொடுத்து வாங்கிய புதுப்பொருள் எப்படிப் பழையதைவிட மோசமாகக் காட்டும்? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, மானிட்டரே பழுதா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மானிட்டர் நல்ல மானிட்டர், கணினியும் நல்ல கணினி. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளச் சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களில் பிழைக்கும் ஊர் அது. அங்கே ஓர் அச்சகத்தின் மாடியில் ஒரு டிசைனர் தரைச்சக்கரப் பெட்டிக்கு லேபிள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேபிளின் நடுவில் தீப்பொறி பறக்கச் சுழலும் சக்கரம். புது மானிட்டரில் அந்தச் சக்கரம் முட்டையாகத் தெரிகிறது. ‘வரையும்போதே கோணிவிட்டது போல’ என்று எண்ணி, திரையில் வட்டமாகத் தெரியும்வரை அவர் அதை இரு பக்கமும் அமுக்கிச் சரிசெய்துவிட்டால் என்ன ஆகும்? கோப்பில் இருந்த சக்கரம் உண்மையில் வட்டமாகத்தான் இருந்தது. திரைதான் இழுத்துக் காட்டியது. பிளேட் போட்டு மெஷின் ஓடி முடிந்து பார்த்தால், 10 சென்டிமீட்டர் உயரச் சக்கரம் ஏழரை சென்டிமீட்டர் அகலத்தில் நிற்கும். வெட்டிக் கட்டிய அத்தனை லேபிளிலும் நிமிர்ந்த முட்டை. சீசன் நேரத்தில் தாள், மை, மெஷின் நேரம் எல்லாம் போச்சு. வேறு ஊரில் வெறும் கண்ணுறுத்தலாக முடியும் கோளாறு, இந்த ஊரில் பண நட்டமாகிவிடும்.

மையின் புள்ளி, ஒளியின் புள்ளி

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. பிறகு வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அடிக்க வந்த அச்சு இயந்திரங்கள் மெல்ல மெல்லத் தனித் தொழிலாகவே வளர்ந்தன. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை என்று நாடு முழுவதுக்கும் அச்சடித்துக் கொடுக்கும் ஊராகச் சிவகாசி ஆனது. கோவில்பட்டியில் இருந்து கொண்டைய ராஜு தூரிகையால் தீட்டிய சாமி படங்கள் இங்கே அச்சாகித்தான் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கின. இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுப்பது அங்கே வழக்கம்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புள்ளி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சகத்து மேசையில் ஒரு லென்ஸ் கிடக்கும். அதை அச்சான லேபிளின் மேல் வைத்துப் பார்த்தால், வழவழப்பாகத் தெரிந்த படம் சிதறி நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகளாகிவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நல்ல வேலை என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 175 வரிசைப் புள்ளிகள் விழும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மையின் அடர்த்தி எல்லாப் புள்ளியிலும் ஒன்றேதான், மாறுவது புள்ளியின் பருமன். வெளிர் நீல வானத்தில் நீலப் புள்ளிகள் கடுகைவிடச் சிறுத்து, நடுவே வெள்ளைத்தாள் தெரிய நிற்கும். கருநீலப் பாவாடையில் அதே புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதே லென்ஸை மானிட்டரின் மேல் வைத்தால் கதை தலைகீழ். அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய பட்டைகள் சேர்ந்தது ஒரு புள்ளி. பருமன் மாறாது. பட்டைகள் விடும் ஒளி கூடும், குறையும். அதை வைத்துத்தான் அத்தனை நிறங்களும் பிறக்கின்றன. இருபத்தொன்றரை அங்குல அகலத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டால், அகலவாக்கில் 1920 புள்ளிகள், உயரவாக்கில் 1080 வரிசைகள், மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் 0.248 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 102 புள்ளிகள்.

அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்ற இந்தக் கணக்குக்கே கணினியில் ரெசல்யூஷன் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அது ‘புள்ளிக்கணக்கு’. தொழிற்சாலையில் கண்ணாடிப் பலகை உருவாகும்போதே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக மின்சுவிட்ச் அமைத்துப் பதித்துவிடுகிறார்கள். பிறகு ஒரு புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ நகர்த்தவோ யாராலும் முடியாது. அப்படி மானிட்டருக்கு உடன்பிறந்த எண்ணிக்கையை அதன் ‘பிறவிக் கணக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினி அனுப்பும் புள்ளிக்கணக்கும் மானிட்டரின் பிறவிக் கணக்கும் ஒன்றாக இருந்தால், அனுப்பிய ஒரு புள்ளி திரையில் ஒரு புள்ளியில் போய் உட்காரும். எழுத்து கத்திபோல் தெரியும். ஒன்றாக இல்லாவிட்டால் முட்டையும் கசிவும் வந்துசேரும்.

பழைய மானிட்டர் தப்பித்தது எப்படி?

பின்னால் முதுகு புடைத்த அந்தப் பழைய மானிட்டருக்குள் இருந்தது ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்கோடியில் இருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று சீறி வரும். காந்தச் சுருள்கள் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக இழுத்துப் போகும். திரையின் உள்பக்கம் பூசிய வேதிப்பூச்சில் கற்றை பட்ட இடம் ஒளிரும். விநாடிக்கு 60 முதல் 85 தடவை முழுத்திரையையும் அது வரைந்து முடித்துவிடும்.

600 வரிகளாக வரையச் சொன்னால் வரிகளுக்கு நடுவே சற்று இடம்விட்டு வரையும். 768 வரிகள் என்றால் நெருக்கி வரையும். கற்றைக்குக் கட்டமும் கிடையாது, கணக்கும் கிடையாது. வண்ணக்குழாயில் துளைபோட்ட உலோகத் தகடும் மூன்று நிறப் பூச்சும் இருந்தன என்றாலும், அந்தத் துளைகளுக்கும் கணினி அனுப்பிய புள்ளிகளுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டாயம் இருக்கவில்லை. கற்றையின் விளிம்பே கொஞ்சம் மங்கலானது என்பதால் ஓரங்கள் தாமாகவே இழைந்துவிடும். அதனால் தன் வரம்புக்குள் எந்தப் புள்ளிக்கணக்கைக் கொடுத்தாலும் அந்த மானிட்டர் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டது. எதைக் கொடுத்தாலும் சரியாக இருக்கும் என்று நம் கண்ணும் பழகிப்போனது. புதிய தட்டைத் திரையில் ஏமாறுவது அந்தப் பழக்கத்தால்தான்.

எட்டும் பதினைந்தும்

இனிக் கணக்குக்கு வருவோம். டிசைனரின் கணினி பழைய வழக்கப்படி 1024-க்கு 768 என்ற புள்ளிக்கணக்கில் படத்தை அனுப்புகிறது. புது மானிட்டரின் பிறவிக் கணக்கு 1920-க்கு 1080. அனுப்பியது 7,86,432 புள்ளிகள், நிரப்ப வேண்டியது 20,73,600. ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் மானிட்டர் தானாகவே இட்டு நிரப்பியாக வேண்டும்.

முதலில் சக்கரம். கோப்பில் அது 300 புள்ளி அகலம், 300 புள்ளி உயரம் கொண்ட சுத்தமான வட்டம். 1024 என்பதை 1920 ஆக்க அகலத்தை 1.875 மடங்கு நீட்ட வேண்டும். 768 என்பதை 1080 ஆக்க உயரத்தை 1.406 மடங்கு நீட்டினால் போதும். ஆக, சக்கரம் இப்போது 562 புள்ளி அகலமும் 422 புள்ளி உயரமும் ஆகிவிட்டது. ஸ்கேலை வைத்து அளந்தால் அகலம் 14 சென்டிமீட்டர், உயரம் பத்தரை சென்டிமீட்டர் காட்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம். மாப்பிள்ளையின் முகம் பூரித்ததும் இதே கணக்கில்தான்.

கசிவின் கணக்கு இதைவிடச் சுவையானது. 1024-க்கும் 1920-க்கும் உள்ள உறவைச் சுருக்கினால் எட்டுக்குப் பதினைந்து. எட்டுப் பேருக்கு வடித்த சோற்றைப் பதினைந்து இலையில் பரிமாறுவது போன்ற நிலைமை இது. யாருக்கும் முழுச்சோறாக விழாது, ஓர் இலையில் இரண்டு பேர் பங்கும் வந்து விழும்.

லேபிளின் ஓரத்தில் ஒரே புள்ளி தடிமனில் ஒரு கறுப்புக் கோடு செங்குத்தாக இறங்குகிறது. வெள்ளைப் பின்னணி. எட்டுப் புள்ளிகளில் அது மூன்றாவது என்று கொள்வோம். பழைய புள்ளி ஒவ்வொன்றும் புதுத்திரையில் 1.875 புள்ளி இடத்தைப் பிடிக்கிறது. முதல் இரண்டு பழைய புள்ளிகள் 3.75 வரை நிரப்பிவிடும். மூன்றாவது புள்ளியான நம் கறுப்புக் கோடு 3.75-இல் தொடங்கி 5.625-இல் முடியும். இதைப் புதுத்திரையின் புள்ளிகளில் எங்கே வைப்பது? நாலாவது புள்ளியில் கால்பங்கு இடம்தான் கறுப்புக்கு. ஐந்தாவது முழுக்கக் கறுப்பு. ஆறாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் ஒரு புள்ளியில் கால்பங்கை மட்டும் கறுப்பாக்க முடியாது. புள்ளி முழுவதும் ஒரே நிறம்தான் காட்டும். எனவே மானிட்டருக்குள் இருக்கும் சில்லு சராசரி போடுகிறது. நாலாவது வெளிர்சாம்பல், ஐந்தாவது கறுப்பு, ஆறாவது கருஞ்சாம்பல். கூரான ஒற்றைக் கோடு, இருபுறமும் இரண்டு விதமான நிழலோடு, மூன்று புள்ளி அகலத்துக்குப் பரவிவிட்டது. கண்ணுக்குக் கசிவாகத் தெரிவது இந்த நிழல்தான்.

அதே கோடு எட்டில் முதல் இடத்தில் இருந்தால் விளைவு வேறு. முதல் புதுப்புள்ளி முழுக்கறுப்பு, இரண்டாவது ஏறக்குறையக் கறுப்பு, அத்தோடு சரி. ஆக ஒரே தடிமனில் போட்ட இரண்டு கோடுகள், நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஒன்று தடித்தும் ஒன்று மங்கியும் தெரிகின்றன. தமிழ் எழுத்துக்கு இது பெரிய கொடுமை. ‘ண’வின் அடுத்தடுத்த சுழிகளையும் ‘ஞ’வின் உள்மடிப்பையும் நினைத்துப் பாருங்கள். சிறிய எழுத்தில் ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு புள்ளி வெள்ளைதான். அதில் சாம்பல் ஊறினால் எழுத்தே அடைத்துக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு ‘ன’வா ‘ண’வா என்று சந்தேகம் வருவது அவருடைய கண்ணின் குற்றம் ஆகாது.

எல்லா மானிட்டரும் இதே நேர்ச்சராசரியைப் போடுவதில்லை. சில சில்லுகள் பக்கத்துப் புள்ளிகளையும் கலந்து இன்னும் நயமாகச் செய்யும். எந்த முறையானாலும் இல்லாத தகவலை உண்டாக்க முடியாது. மங்கலின் அழகுதான் மாறும்.

திரை அகலமானது எப்படி?

1892-ஆம் ஆண்டு வாக்கில், எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த வில்லியம் டிக்சன் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டத்தின் அளவை நாலுக்கு மூன்று என்று வைத்தார். சினிமாவில் இருந்து அது தொலைக்காட்சிக் குழாய்க்கு வந்தது, அங்கிருந்து கணினி மானிட்டருக்கு வந்தது. 1024-க்கு 768 என்பதும் நாலுக்கு மூன்றுதான்.

1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த பலவகைப் படச்சட்டங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கிய வெளிச்செவ்வகத்தின் வடிவம் ஏறக்குறையப் பதினாறுக்கு ஒன்பது. அகலத்திரைத் தொலைக்காட்சி அதையே எடுத்துக்கொண்டது. கணினி மானிட்டர்கள் முதலில் பதினாறுக்குப் பத்து என்று சற்று உயரமாகத்தான் அகலமாயின. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவையும் பதினாறுக்கு ஒன்பதுக்கு மாறிவிட்டன. பெரிய கண்ணாடிப் பலகையில் இருந்து தொலைக்காட்சிக்கும் மானிட்டருக்கும் ஒரே வடிவில் வெட்டினால் வீணாவது குறைவு. சினிமா பார்க்க வசதியான அந்த வடிவத்தில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் உயரம் குறைந்ததுதான் மிச்சம். லேபிள் டிசைனருக்கு மட்டும் ஒரு லாபம் உண்டு: படத்தை நடுவில் வைத்துக் கருவிப்பட்டைகளை இரு பக்கமும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் சீட்டு

பிறவிக் கணக்கு இன்னதென்று கணினிக்கு எப்படித் தெரியும்? மானிட்டரே சொல்லும். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறிய நினைவுச் சில்லு இருக்கிறது. தயாரித்தவரின் மூன்றெழுத்துக் குறி, தயாரித்த ஆண்டு, திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில், பிறவிக் கணக்கு, ஏற்கக்கூடிய மற்ற கணக்குகள் எல்லாம் அதில் பதிந்திருக்கும். அடிப்படைப் பதிவின் நீளம் 128 பைட். வெசா என்ற திரைத்தர அமைப்பு 1994-இல் இதை வகுத்தது. ஈடிஐடி என்பது அதன் தொழில்நுட்பப் பெயர். இங்கே ‘அடையாளச் சீட்டு’ என்று சொன்னால் போதும். 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதற்குத் தோதாகக் கடைசிப் பைட்டை அமைத்திருப்பார்கள். வகுபடாவிட்டால் சீட்டு சிதைந்துவிட்டது என்று கணினி தெரிந்துகொள்ளும்.

இந்தச் சீட்டு எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் நம்முடைய கோளாறின் முக்கால்வாசிக் கதையும் அடங்கியிருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த விஜிஏ இணைப்பை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நீல முனையில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகள். 1, 2, 3-ஆம் ஊசிகள் சிவப்பு, பச்சை, நீலத்தைக் கொண்டுபோகின்றன. 13-ம் 14-ம் வரி தொடங்கும் நேரத்தையும் படம் தொடங்கும் நேரத்தையும் சொல்லும். படம் தெரிய இவையும் தரையிணைப்புகளும் போதும். அடையாளச் சீட்டு வருவது 12, 15 என்ற வேறு இரண்டு ஊசிகள் வழியாக.

மலிவான கேபிளில் இந்த இரண்டு கம்பிகள் இல்லாமலே போகலாம். பலதடவை கழற்றி மாட்டிய கேபிளில் ஊசி வளைந்தோ ஒடிந்தோ போயிருக்கலாம். அப்போதும் படம் வரும், நிறம் சரியாக இருக்கும், கேபிளைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் எதிரே இருப்பது எந்த மானிட்டர் என்று கணினிக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது எச்சரிக்கையாக நடந்துகொள்ளும். எந்த மானிட்டரும் ஏற்கும் என்று நம்பத்தக்க 800-க்கு 600 அல்லது 1024-க்கு 768-இல் நின்றுவிடும். சக்கரம் முட்டையாவது அந்த எச்சரிக்கையின் பலன்.

கேபிள் சரியாக இருந்தும் இதே நிலை வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டு, கணினிக்குள் படத்தை உருவாக்கும் திரைச்சில்லுக்கான டிரைவரை ஏற்றாமல் விட்டிருப்பார்கள். டிரைவர் என்பது குறிப்பிட்ட சில்லை இயக்கத் தெரிந்த சிறு மென்பொருள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் தன்னிடம் உள்ள அடிப்படை டிரைவரைக் கொண்டு சமாளிக்கும். சில கணக்குகளுக்கு மேல் அதற்குத் தெரியாது.

எங்கே தொடங்குவது

பழுது பார்ப்பவர்கள் நேராகக் கணினிக்குள் நுழைவதுதான் வழக்கம். ஆனால் மானிட்டரில் தொடங்குவதே நல்லது. அதன் விளிம்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் தகவல் என்ற பொருளில் ‘இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு பக்கம் இருக்கும். இந்த நிமிடம் கணினியில் இருந்து வரும் புள்ளிக்கணக்கு என்ன என்பதை அது காட்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிறவிக் கணக்கோடு அதை ஒப்பிட்டால் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டும் வேறு வேறா? அப்படியானால் கோளாறு கணினியில் அல்லது கேபிளில். இரண்டும் ஒன்றாக இருந்தும் படம் சரியில்லையா? அப்படியானால் மானிட்டரின் சொந்த அமைப்பில்.

முதல் வகை என்றால், திரையின் காலி இடத்தில் வலது பொத்தானை அழுத்தி ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போக வேண்டும். புள்ளிக்கணக்குகளின் பட்டியலில் ஒன்றின் அருகே ‘ரெகமெண்டட்’ என்று பரிந்துரைக் குறிப்பு இருக்கும். அது பிறவிக் கணக்கோடு ஒத்திருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. மாற்றியதும் திரை இருண்டு ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மானிட்டர் எழுதிக் காட்டினால் பதற வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். சம்மதம் சொல்லாவிட்டால் விண்டோஸ் 15 விநாடியில் பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

பட்டியலில் 1920-க்கு 1080 என்பதே இல்லாவிட்டால்தான் வேலை இருக்கிறது. விண்டோஸின் ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் திரைச்சில்லின் பெயருக்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் டிரைவர் இல்லை. கணினியைத் தயாரித்தவரின் தளத்தில் இருந்தோ சில்லைத் தயாரித்தவரின் தளத்தில் இருந்தோ அதை இறக்கி ஏற்ற வேண்டும். டிரைவர் சரியாக இருந்து, மானிட்டரின் பெயருக்குப் பதில் ‘ஜெனரிக் நான் பிஎன்பி’ என்று இருந்தால் அடையாளச் சீட்டு வந்துசேரவில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ துளை இருக்குமானால் விஜிஏ கேபிளைக் கட்டி வைத்துவிடுவதே மேல். கணினிக் கடைகளில் புது டிரைவர், புது விண்டோஸ் என்று நாள் முழுக்கப் போராடிய பிறகு, கேபிளை மாற்றியதும் சரியாவது சாதாரணமாக நடப்பதுதான். கேபிள் மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும் என்பதால், அதை முதலிலேயே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாம் வகையில் இரண்டு மூன்று முகங்கள் உண்டு. விஜிஏ வழியாக வரும்போது, கணக்கு சரியாக இருந்தும் எழுத்து லேசாக நடுங்கலாம், செங்குத்தாக மங்கல் பட்டைகள் ஓடலாம். கணினிக்குள் எண்ணாக இருந்த படம் மின்னழுத்தமாக மாறிக் கேபிளில் வந்து, மானிட்டருக்குள் மறுபடி எண்ணாக மாறுகிறது. எந்தக் கணத்தில் அளந்தால் எந்தப் புள்ளி என்பதை மானிட்டர் ஊகித்தாக வேண்டும். ஊகம் துளி தப்பினால் பக்கத்துப் புள்ளியின் சாயலும் கலந்துவிடும். ஓரம் முதல் ஓரம் வரை எழுத்து நிறைந்த ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் அது மறுபடி அளந்து சரிசெய்துகொள்ளும். கறுப்பு வால்பேப்பரை வைத்துக்கொண்டு அழுத்தினால் படத்தின் ஓரம் எங்கே என்று அதற்குத் தெரியாமல் போகும்.

எச்டிஎம்ஐ வழியாக ஒரு தொலைக்காட்சியையே மானிட்டராகப் பயன்படுத்தினால், கீழ்ப்பட்டையும் மூலைகளும் வெட்டுப்பட்டுத் தெரியலாம். குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக இருக்காது என்பதால், கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் தட்டைத் திரைக்கும் தொற்றிக்கொண்டது. ‘ஓவர்ஸ்கேன்’ என்பதை நிறுத்தினாலோ, ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் பெயரைத் தேர்ந்தாலோ புள்ளிக்குப் புள்ளி பொருந்திவிடும்.

எழுத்து சிறுத்துவிட்டதே!

எல்லாம் சரியான பிறகு வரும் புகார் இது. 1024 புள்ளி அகலத்துக்கு இழுத்துக் காட்டிய திரையில் பழகியவருக்கு, 1920-இல் எழுத்தும் படக்குறிகளும் பாதியாகத் தெரியும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது சிரமம்தான். உடனே பலர் பழைய புள்ளிக்கணக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். முட்டையும் கசிவும் கூடவே திரும்பி வருகின்றன. அதையே கதியென்று வருடக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. பாவம், கண்ணுக்கு நல்லது என்று நினைத்துக் கண்ணைச் சிரமப்படுத்துகிறார்கள்.

புள்ளிக்கணக்கு எழுத்தின் அளவை மாற்றுவதற்கான திருகு அல்ல. அதற்கென்று ‘ஸ்கேல்’ என்று தனியாக ஒன்று அதே பக்கத்தில் இருக்கிறது. அதை 125 விழுக்காடு என்று வைத்தால், கணினி எழுத்தைப் பெரிதாக வரைந்து, 1920-க்கு 1080 புள்ளிகளையும் பயன்படுத்தி அனுப்பும். எழுத்துருவின் வளைவுகள் கணினியில் கோடுகளாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் கூர்மை போகாது. முன்னால் பார்த்த முறையில், சிறிதாக வரைந்து முடித்த எழுத்தை மானிட்டர் இழுத்துப் பெரிதாக்கியது. மிகப் பழைய சில மென்பொருள்கள் மட்டும் இந்த ஸ்கேலுக்கு ஒத்துழைக்காமல் மங்கும். அவற்றுக்கு மாற்று, அந்தந்த மென்பொருளைப் புதுப்பிப்பதுதான்.

லேபிள் வேலை செய்பவர்களுக்கு இதற்குப் பிறகும் ஒரு குழப்பம் மீதி இருக்கும். அச்சுக்குப் போகும் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைப்பது தொழில் வழக்கம். 10 சென்டிமீட்டர் அகல லேபிள் என்றால் 1181 புள்ளிகள். ஃபோட்டோஷாப்பில் அதை 100 விழுக்காட்டில் திறந்தால், படத்தின் ஒரு புள்ளி திரையில் ஒரு புள்ளியில் உட்காரும். திரையிலோ அங்குலத்துக்கு 102 புள்ளிகள்தான். எனவே 10 சென்டிமீட்டர் லேபிள் திரையில் 29 சென்டிமீட்டருக்கு விரிந்து நிற்கும். முதல் தடவை பார்ப்பவர் அளவைத் தவறாகக் கொடுத்துவிட்டோமோ என்று பயப்படுவார். ஆனால் படத்தின் கூர்மையைப் பரிசோதிக்க இந்த 100 விழுக்காடுதான் நம்பகமான நிலை. 67 விழுக்காடு, 33 விழுக்காடு என்று வைத்துப் பார்த்தால், எட்டுக்குப் பதினைந்து போலவே புள்ளிகளுக்குச் சராசரி போட வேண்டியிருக்கும்.

பெட்டியின் மேல் ஒட்டும்போது லேபிள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்க்க வேறு வழி உண்டு. கோரல்டிரா போன்ற மென்பொருளில் திரைக்கோலை அளவுசெய்யும் வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் திரையில் ஒரு கோல் வரும். மேசையில் கிடக்கும் ஸ்டீல் ஸ்கேலை அதன்மேல் வைத்து இரண்டும் ஒன்றும்வரை எண்ணைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் கேட்கும். இருபத்தொன்றரை அங்குலத் திரையில் எல்லாம் சரியாக இருந்தால் இரண்டும் 102-ஐ ஒட்டி வரும். அகலத்துக்கு 55, உயரத்துக்கு 73 என்று வந்தால் அந்தக் கணினி இன்னும் 1024-க்கு 768-இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளேட்டுக்கு அனுப்புவதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும்.